வயிற்றெரிச்சல் என்று நான் சொன்னது

பிரபு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: என் வயிறு இப்போது எரியவில்லை. நேற்று மத்தியானம் கத்தரிக்காய் போட்டுக் காரக்குழம்பு வைத்து, தட்டு நிறையச் சாதம் போட்டுச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே எழுதக் காரணம், கீழே நான் ஆஸ்பத்திரி, ரத்தம் என்றெல்லாம் எழுதப்போகிறேன். நீ பாதியில் பதறிவிடக் கூடாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். நீ போன் செய்தால், "சாப்டியாம்மா, மாத்திர போட்டியா, சரி வெச்சிடட்டுமா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் லைன் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் உன் மாமியார் என்னைக் கூப்பிட்டார்கள். சுகன்யாவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனசு நிறைந்துபோய், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர்கள், "நீங்க ஒடம்பு முடியாதவங்க, சம்மந்தி. அவ்ளோ தூரம் அலைய வேணாம். கொழந்த பொறந்ததும் நாங்களே தூக்கியாந்து காட்டுறோம்" என்றார்கள். "ஒடம்பு நல்லாயிட்டுதுங்க, அல்சரு ஆறிப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன். அதற்கு அவர்கள் சொன்னார்கள்: "அல்சரு ஆறிடும். அது எதனால வந்துச்சோ அது ஆறணுமில்ல? மனசுல ஒண்ண வெச்சிக்கிட்டுப் பொருமிக்கிட்டே இருந்தாதான் அல்சரு வரும்னு சொல்றாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க. ஒரு தடவ பறிகொடுத்துட்டோம். எனக்கு பயமா இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க." அவர்கள் குரல் நடுங்கியது, பிரபு. கெட்ட எண்ணத்தில் பேசியவர்கள் குரல் அப்படி நடுங்காது. அதனால் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தது உன் மேல்தான், அது ஏன் என்று உனக்கும் தெரியும்.

தெரியாது என்று நீ சொன்னால், உன் புது வீட்டுப் பால் காய்ச்சு நடந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார். விருத்தாசலத்தில் விடியக் கருக்கலில் ரயில் ஏறினேன். உன் ஊரில் இறங்கி, வீட்டுக்கு இரண்டு மாடி ஏறுவதற்குள் முழங்கால் விட்டுப்போனது. வழக்கம்போல ஒரு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் காபியைக் குடித்தேன். பந்தியில் உட்கார்ந்தபோது சாம்பார் சாதம் ஒரு வாய்தான் உள்ளே போனது. நெஞ்சுக்குக் கீழே யாரோ கொள்ளிக்கட்டையை வைத்துத் தேய்த்தது போல இருந்தது. உன் மாமியார் வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார்கள். "ஏன் சம்மந்தி, எலயில வெச்சது அப்படியே இருக்குது? சமையல் புடிக்கலியா?" நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் நல்லாதான் இருக்குதுங்க. எனக்குத்தான் ஒரே வயித்தெரிச்சல். காலையிலேர்ந்து தாங்கல."

பக்கத்து இலையில் வடையைப் பிட்ட கை அப்படியே நின்றது. இரண்டு இலை தள்ளி ஒரு அம்மா, "என்னா சொன்னாங்க?" என்று கேட்க, இன்னொரு அம்மா காதில் திருப்பிச் சொன்னார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாவம், இந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பரிதாபப்படுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அசட்டுத்தனமாகச் சிரித்துவேறு வைத்தேன். நீ பாயச வாளியோடு எதிர் வரிசையில் நின்றாய். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தாய், உன் மாமியார் முகத்தைப் பார்த்தாய், பிறகு குனிந்து அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றினாய். சாயங்காலம் நான் படியிறங்கும்போது கற்பூர வாசனை வந்தது. கீழே வாசலில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தது. காலையில்தானே உடைத்தார்கள், மறுபடியும் எதற்கு என்று யோசித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

எனக்கு விளங்கவைத்தவள் செல்வி. கம்பெனியில் என் பக்கத்தில் நிற்பாளே, அவள்தான். பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைப் பளபளப்புப் பூச்சுக்காக நான் கிளேஸ் தண்ணீரில் முக்கித் தருவேன், அவள் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குவாள். பந்தியில் நடந்ததைச் சொன்னதும் பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, புதுசா வூடு குடிபோற எடத்துல போயி வயித்தெரிச்சல்னா சொன்ன? நெஞ்சு கரிக்குதுன்னு சொல்றதுதான?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம், சூப்பர்வைசர் வந்து அதட்டுகிற வரைக்கும். அடுத்த மாதம் சுகன்யாவுக்குக் கரு தங்கவில்லை என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

நம் பாஷை செய்த அநியாயத்தைப் பார். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பாலை வார்க்கிறது. பிள்ளை ஊரை விட்டுப் போனால் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. அடுத்தவன் நன்றாக இருந்தாலும் அதே வயிறுதான் எரிகிறது. மனசு செய்கிற வேலையை எல்லாம் தூக்கி வயிற்றின் தலையில் கட்டிவிட்டு, நிஜமாகவே வயிறு எரிகிறவள் சொல்ல ஒரு தனி வார்த்தையை வைக்காமல் போய்விட்டார்கள். எங்கள் கம்பெனியில் நாங்கள் அத்தனை பெண்களும் வயித்தெரிச்சல் என்றுதான் சொல்வோம். பாதிப் பேருக்கு அது உண்டு. டீ இடைவேளையில் ஒருத்தி, "இன்னிக்கி வயித்தெரிச்சல் எப்படி இருக்குது?" என்று கேட்பாள், இன்னொருத்தி, "கொஞ்சம் தேவல" என்பாள். அங்கே அது தலைவலி மாதிரி ஒரு சொல். அதே பேச்சை உன் வீட்டுப் பந்திக்கும் கொண்டுவந்துவிட்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

ஆனால் அந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். நீ பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் நான் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "என்னாம்மா, வயித்தெரிச்சலா?" என்று நீதான் கேட்பாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் போய் அந்த ரோஸ் கலர் மருந்தை வாங்கி வருவாய். மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கும்போது என் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பாய். அப்பா போன பிறகு நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அநேகமாக அந்த மருந்தால்தான். "சாக்பீஸக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்குதுடா" என்று நான் சொன்னால், "அப்ப ஒன் வயித்துல பாடம் எழுதலாம்" என்பாய்.

வயிறு எரிந்ததற்கு வருவோம். கிளேஸ் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதில் நாள் முழுக்கக் கையை விட்டால் விரல் மூட்டெல்லாம் வீங்கும். நின்றுகொண்டே வேலை என்பதால் முழங்காலும் சேர்ந்துகொள்ளும். மெடிக்கலில் வலி என்று சொன்னால் போதும், மாத்திரை கொடுப்பார்கள். காலையில் சமைத்து உனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் நான் சாப்பிட மாட்டேன். கம்பெனி வாசலில் ஒரு டீ, கூடவே அந்த மாத்திரை. வலி போய்விடும், வேலை ஓடும். இதையே வருஷக்கணக்காகச் செய்தேன். வயிறு எரிந்தால் மிளகாய் அதிகம் என்று குழம்பைக் குற்றம் சொன்னேன். மாத்திரை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதானே என்னை நிற்கவைத்தது.

சுகன்யா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே வாரத்தில்தான் எனக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. கம்பெனியில் நின்றுகொண்டிருந்தவள் கண் இருட்டிச் சரிந்தேன். செல்வி ஊரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே ரத்தம் கசிகிறது, பாண்டிச்சேரிக்குப் போய் டியூப் விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உன்னைக் கூப்பிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். நீ உன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், அவள் எதை இழந்துவிட்டுப் படுத்திருக்கிறாள், இந்த நேரத்தில் நான் என் வயிற்றைப் பற்றியா பேசுவது என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் நீ கேட்டபோது, வயித்துப்புண்ணு, மாத்திர குடுத்திருக்காங்க என்று சொன்னேன். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பாண்டிச்சேரிக்குத் தனியாகத்தான் போனேன். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. நர்ஸ், "கூட யாரு வந்திருக்காங்க? மருந்து குடுத்தா மயக்கமா இருக்கும், தனியா அனுப்ப மாட்டோம்" என்றாள். பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்காரரை உள்ளே அனுப்பிவிட்டு. நான் சட்டென்று, "இவங்க என் தங்கச்சி" என்று கையைக் காட்டிவிட்டேன். அந்த அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள், பிறகு, "ஆமாங்க, அக்காதான்" என்றார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று கேட்க எனக்கு ஆள் இல்லாமல் இருந்தது, அவர்களிடம் கேட்டேன். "இருக்காதுக்கா, மொதல்ல பாக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கை உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புற்றுநோய் இல்லை. இரைப்பையின் உள்சுவரில் புண். டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பை மாதிரி படம் போட்டுக் காட்டினாள். "இதுக்குள்ள தெனமும் ஆசிட் சுரக்குதும்மா, சாப்பாட்ட செரிக்கவெக்கிறதுக்கு. கறித்துண்டையே கரைச்சிடும்." நான் கேட்டேன், "அப்ப வயிறும் கறிதான? அத ஏன் கரைக்கல?" அவள் சிரித்துவிட்டாள். "சுவருக்கு மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்குது. அதுதான் காப்பாத்துது." எங்கள் கம்பெனி கிளேஸ் மாதிரியா என்று கேட்டேன். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, "கிளேஸ ஒரு தடவ பூசி சூளையில வெச்சா முடிஞ்சுது இல்லீங்களா? இது அப்படி இல்லம்மா. கரையக் கரைய உள்ளேர்ந்து ஊறிக்கிட்டே இருக்கணும். நீங்க போட்ட வலி மாத்திர அது ஊறுறதக் கொறச்சிடுச்சு. ஆசிட் நேரா சுவருல பட்டுடுச்சு" என்றாள்.

அதோடு போகவில்லை. அந்த வழவழப்புக்கு உள்ளேயே ஒரு கிருமி குடியிருந்ததாம். ஆசிட் தன் மேல் படாதபடி சுற்றிலும் அதை முறித்துக்கொண்டு, சொகுசாக உட்கார்ந்து சுவரைப் புண்ணாக்குமாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சின்ன வயசுலயே வந்திருக்கும். தண்ணியிலயோ, கூட இருந்தவங்ககிட்டேர்ந்தோ. நம்ம பக்கம் நெறைய பேருக்கு இருக்குதும்மா. எல்லாருக்கும் புண்ணு வராது. அதுகூட உங்க மாத்திரையும் சேந்துக்குச்சு." நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, கடைசியில் கேட்டேவிட்டேன். "மனசுல எதாவது வெச்சிக்கிட்டு இருந்தா இது வருமா டாக்டரம்மா? அடுத்தவங்களப் பாத்துப் பொறாமப்பட்டா?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னது? கவலை இருந்தா வலி கூடுதலா தெரியும், தூக்கம் கெடும். ஆனா உங்க புண்ணு வந்தது கிருமியாலயும் மாத்திரையாலயும். பொறாமைக்கு நாங்க மருந்து குடுக்கறது இல்ல. இதுக்கு இருக்குது. வேள தவறாம போடுங்க, போயிடும்."

அப்படியே போயிற்று. கிருமிக்கு மாத்திரை, ஆசிட் சுரப்பதைக் குறைக்க மாத்திரை. இரண்டு மாசம் கழித்து மறுபடியும் டியூப் விட்டுப் பார்த்தாள். புண் இருந்த இடமே தெரியவில்லை, கிருமியும் இல்லை என்றாள். உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. முதல் நாள் அவள் கிருமி என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். கவலையால் வந்தது என்று சொல்லியிருந்தால் உன் மேல் பழியைப் போட எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். உன் மாமியாரும் அந்த வசதியைத்தானே தேடினார்கள்? பேரப்பிள்ளை போய்விட்டது, யார் மேலாவது போட்டால்தான் அவர்களுக்கு மூச்சு விட முடியும். நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன்.

அந்த டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள். சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே வயிற்றில் ஆசிட் சுரக்க ஆரம்பித்துவிடுமாம். தாளிக்கிற வாசனை வந்தால் போதும், சாப்பிடப் போகிறோம் என்று நினைத்தாலே போதும். நீ வேலைக்குப் போன புதிதில் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவாய். நான் மத்தியானமே மணிமுத்தாற்றுப் பாலத்துப் பக்கம் போய் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பேன். இப்போது நீ வருவதில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எனக்கு மட்டும் பசிக்கிறது, மற்ற நாளில் இல்லாத பசி. வயிற்றுக்கு யார் போய்ச் சொல்வது, அவன் வரமாட்டான், சும்மா இரு என்று? நான் ஒருத்திக்காக மீன் வாங்க எனக்குக் கை வருவதில்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டுவிடுகிறேன், பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று. நான் தனியாக இருக்கிறேன், பிரபு. ஊர் நிறைய ஆள் இருக்கிறது, செல்வி இருக்கிறாள், பக்கத்து வீட்டில் நல்ல மனிதர்கள். இருந்தாலும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். இதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

உனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தலைவலி என்றால் நீயும் டீயோடு மாத்திரை போடுகிறவன்தான், என்னைப் பார்த்துக் கற்றது. அதை விட்டுவிடு. வலி இருந்தால் டாக்டரிடம் காட்டி, சாப்பிட்ட பிறகு போடு. ஒரே தட்டில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்ட நாள் எத்தனையோ, அந்தக் கிருமி உனக்குள்ளும் இருக்கலாம். உனக்கும் வயிறு எரிகிறது என்றால் என்னைப் போல வருஷக்கணக்காக ரோஸ் மருந்தில் காலம் தள்ளாமல் பரிசோதனை செய்துகொள். சுகன்யாவுக்கு இந்த மாதத்தில் நெஞ்சு கரிக்கும். வயிற்றுப் பிள்ளை மேலே தள்ளுவதால் வருவது அது, என் புண் மாதிரி இல்லை, பயப்பட வேண்டாம். ஆனாலும் கடையில் எதையும் வாங்கிக் கொடுக்காதே, அவளைப் பார்க்கிற டாக்டரிடமே கேள். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொல். ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்துவிடு. இதையெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தால் நானே செய்துவிடுவேன்.

ஒரு கேள்வியை நீ கேட்கமாட்டாய், அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு உன் வீட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சமாவது அந்த இன்னொரு வயிற்றெரிச்சல் இருந்ததா? கிருமி போன பிறகு, எரிச்சல் எல்லாம் அடங்கிய பிறகு, நன்றாகத் தேடிப் பார்த்தேன். உன் வீட்டின் சமையலறை ஜன்னலில் நின்றபோது எனக்குத் துக்கமாக இருந்தது, அது உண்மை. இந்த ஜன்னலில் நின்றுகொண்டு என் பிள்ளைக்கு யாரோ சமைப்பார்கள், நான் விருந்தாளியாக வந்து போவேன் என்று நினைத்தேன். ஆனால் சுகன்யா அந்த நேரம் பின்னால் வந்து, "அத்த, இந்த அலமாரியில எத எங்க வெக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் கல்யாணத்தில் நான் தாலி இல்லாதவள் என்று ஒதுங்கி நின்றபோது, கையைப் பிடித்து முன்னால் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். அவள் வீட்டைப் பார்த்தா நான் வயிறெரிவேன்? அவள் பிள்ளைக்கா நான் ஆகாதவள்? அந்தப் பிள்ளை போனபோது நானும்தான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன், அது அங்கே யாருக்கும் தெரியாது.

வளைகாப்பில் முன்வரிசை எனக்கு வேண்டாம். அவள் கையில் வளையல் போட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஓரமாக நின்று பார்த்தால் போதும். ஆனால் நான் வருவதைப் பார்த்து உன் மாமியார் பயப்படக் கூடாது, சுகன்யா வயிற்றைப் புடவையால் மூடிக்கொள்ளக் கூடாது. அது மட்டும் நடந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. நான் போய் எத்தனை விளக்கம் சொன்னாலும் அது சமாளிப்பு. டாக்டரின் ரிப்போர்ட்டைக் காட்டினால், அல்சரே பொறாமையால்தானே வருகிறது என்பார்கள், சொல்லியும்விட்டார்கள். நீ சொன்னால்தான் நம்புவார்கள்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. உன் மாமியாரையும் சுகன்யாவையும் ஒன்றாக உட்காரவைத்து, இரண்டு விஷயம் சொல். அம்மாவுக்கு வயிற்றில் புண் இருந்தது, கிருமியாலும் வலி மாத்திரையாலும் வந்தது, ஆறிவிட்டது என்பது ஒன்று. அது சுலபம், இந்தக் கடிதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றதுதான் கஷ்டம். "அன்னிக்கி பந்தியில அம்மா என்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல" என்று சொல்ல வேண்டும். நீ ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அம்மா வியாதிக்காரி என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். அவர்கள் பக்கத்து மனிதர்கள் நடுவில் வாய் வராமல் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் எனக்கு நீ காரணம் சொல்ல வேண்டாம். அவர்களிடம் உண்மையைச் சொன்னால் போதும்.

சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிப்போக வா. சொல்ல முடியாமல் போனாலும், பிரபு, நீ மட்டுமாவது ஒருநாள் வந்துவிட்டுப் போ.

அம்மா